பிளைவுட் அடித்தால் மச்சு அறையாகிவிடுமா?

கேள்வி: எங்கள் வீடு ஒரே தளம், இரு பக்கச் சரிவுள்ள ஓட்டுக்கூரை. உள்ளளவு 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். அகலத்தை இரண்டாகப் பிரிக்கும் செங்கல் நடுவச்சுவர் ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. ஒரு பக்கம் 3.2 மீட்டர், மறுபக்கம் 3.8 மீட்டர். கீழே அறைகளின் உயரம் 2.8 மீட்டர். சீலிங்கைத் தாங்குபவை 100 × 50 மி.மீ. சட்டங்கள், 600 மி.மீ.க்கு ஒன்று. அவற்றின் மேல்விளிம்பிலிருந்து முகட்டின் அடிவரை 3.1 மீட்டர் இருக்கிறது. 1.7 மீட்டர் உயரத்தில் எதிரெதிர்க் கைமரங்களை (கூரையின் சரிவு மரங்களை) கட்டியிருக்கும் சட்டங்கள் தலையில் இடிக்கின்றன. மகளுக்கு ஒரு படுக்கையறையும் சிறிய குளியலறையும் மேலே வேண்டும். தரைக்கு 18 மி.மீ. பிளைவுட் அடித்து, இடிக்கும் சட்டங்களை அறுத்து, மடக்கு ஏணி மாட்டினால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார் தச்சர். மத்தியானத்தில் மேலே நிற்கவே முடியாத சூடு. அவர் சொல்வதுபோல் ஆரம்பிக்கலாமா? – ஒரு வாசகி

பதில்: ஆரம்பிக்க வேண்டாம். பிளைவுட், அறுப்பு, ஏணி மூன்றுமே தவறு. ஆனால் வீட்டில் குறையில்லை. நீங்கள் எழுதிய அளவுகளைப் பார்த்தால் உங்கள் மச்சு அறையாகும், சற்று இழுத்துப்பிடித்து. மூன்று வாரத்தில் ஆகாது, அவ்வளவுதான்.

முதலில் தரை. இப்போது மேலே இருப்பது தரை அல்ல, கீழ் அறையின் சீலிங். அந்த 100 மி.மீ. சட்டங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, சீலிங் பலகையைத் தொங்கவிடுவது. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது: கூரை தன் எடையால் கால் அகட்டி, பக்கச் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும். அந்தத் தள்ளலை இழுத்துப் பிடித்திருப்பவை இந்தச் சட்டங்கள்தாம். ஓடு, மரம், காற்று எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 120 கிலோ என்று வைத்தால், உங்கள் கூரையில் ஒவ்வொரு கைமர ஜோடியும் சுவரைத் தள்ளும் விசை ஏறத்தாழ 140 கிலோ. அதனால் இந்தக் கீழ்ச்சட்டங்களில் ஒன்றைக்கூட மாற்று ஏற்பாடு இல்லாமல் வெட்டக் கூடாது, படிக்கட்டுக்காகவும் கூடாது. நடுவச்சுவரின் மேல் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேரும் இடத்தில் ஆணி போதுமானதாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பழைய வீடுகளில் அங்கே ஒற்றை ஆணி மட்டும் இருப்பது சகஜம்.

இந்தச் சட்டங்கள் மனிதர் நடமாட்டத்தைத் தாங்குமா? படுக்கையறைத் தரைக்குப் பெரும்பாலான கட்டட விதிகள் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை பயன்பாட்டு எடை (ஆட்கள், சாமான்களின் எடை) கேட்கின்றன. தரையின் சொந்த எடை 50 கிலோ என்று சேர்த்து, குறைந்தபட்சமான 150-ஐயே எடுத்து, சாதாரண மென்மரம் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், 3.8 மீட்டர் நீளத்தில் 600 மி.மீ.க்கு ஒன்றாக இருக்கும் 100 × 50 சட்டம் நடுவில் 9 செ.மீ. வரை தொய்ய வேண்டிவரும். அவ்வளவு தொய்வதற்கு முன்பே முறிவின் விளிம்புக்கு வந்துவிடும். பிளைவுட் எத்தனை தடிமனாக இருந்தாலும் இது மாறாது; எடை கடைசியில் சட்டத்தின் மேல்தான் இறங்குகிறது.

தீர்வு, பழைய சட்டங்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றுக்கு இடையில் புதிய தரைச்சட்டங்களைப் போடுவது. சட்டத்தின் ஆழம் இரட்டிப்பானால் வலு நான்கு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. 200 × 50 மி.மீ. சட்டத்தை 400 மி.மீ.க்கு ஒன்றாகப் போட்டால் அதே 3.8 மீட்டரில் தொய்வு 7 அல்லது 8 மி.மீ.தான். நீளத்தை 360 ஆல் வகுத்தால் வரும் 10.5 மி.மீ. என்ற வழக்கமான வரம்புக்குள் இது அடங்கும். இது தொடக்க மதிப்பீடு மட்டுமே; கிடைக்கும் மரத்தின் தரத்தை வைத்து இறுதி அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதித் தர வேண்டும். புதிய சட்டத்தின் அடி, சீலிங் பலகையிலிருந்து 25 மி.மீ. மேலே நிற்கட்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மேலே ஒருவர் நடக்கும்போதெல்லாம் கீழ் சீலிங்கின் இணைப்புகள் விரியும். முனைகள் சுவர்த்தலை மரத்தின் மேலும் நடுவச்சுவரின் மேலும் முழுதாக உட்கார வேண்டும். கைமரத்தின் சரிவுக்கு இடம் விட முனையின் மேல்மூலையைச் சீவ நேரும். எவ்வளவு சீவலாம் என்பதையும் வரைபடத்தில் கேளுங்கள். இடைவெளிகளில் 100 மி.மீ. ராக் வுல் (பாறை இழைப் பஞ்சு) திணித்தால் காலடிச் சத்தம் கீழே ஓரளவு அடங்கும். அதற்கு மேல்தான் பிளைவுட் வரும்: 18 மி.மீ., நாக்கும் காடியுமாகப் பொருந்தும் வகை, பசை தடவித் திருகு முடுக்க வேண்டும். ஆணி அடித்த தரை இரண்டு வருடத்தில் கிறீச்சிட ஆரம்பிக்கும்.

புதிய தரைச்சட்டங்களைக் கெடுப்பவர் அநேகமாகத் தச்சர் அல்ல, அவருக்குப் பின் வரும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும். எழுதி ஒட்டிவையுங்கள்: சட்டத்தின் நடு மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் விளிம்பை வெட்டவே கூடாது; மற்ற இடத்தில் ஆழத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. துளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, மேல் கீழ் விளிம்புகளிலிருந்து 50 மி.மீ. தள்ளியே இருக்க வேண்டும். 200 மி.மீ. சட்டத்தில் 66 மி.மீ. துளைதான் உச்சம்.

இனி அந்த இடிக்கும் மேல்சட்டங்கள். 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கும் சட்டம், எதிரெதிர்க் கைமரங்கள் நடுவில் உள்வாங்காமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அறுத்தால் கூரை அன்றைக்கே விழாது, அதுதான் ஆபத்து. கைமரங்கள் மெல்லத் தொய்யும், முகடு இறங்கும், ஓடுகளுக்கு இடையில் சந்து விடும். முதல் பெருமழையில் ஒழுகும்போது யாரும் மேல்சட்டத்தை நினைக்க மாட்டார்கள், ஓடுகளைத்தான் மாற்றுவார்கள்.

அவற்றை 2.3 அல்லது 2.4 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற முடியும். ஆனால் விட்டுப்போன முட்டுக்குப் பதிலாக வேறொன்று வேண்டும். வழிகள் மூன்று. இருபுறமும் 1.1 மீட்டர் உயரக் குட்டைச்சுவரை நிறுத்தி அதன் மேல் கைமரத்தைத் தாங்குவது ஒன்று. மலிவானது, ஆனால் கூரையின் எடையில் ஒரு பங்கு புதிய தரைச்சட்டங்களின் மேல் இறங்கும், எனவே சட்டங்களின் கணக்கு மாறும். முகட்டுக்கடியில் ஓர் இரும்பு உத்தரத்தை இரு முனை முக்கோணச் சுவர்களின் மேல் ஏற்றுவது இன்னொன்று. அறை சுத்தமாகக் கிடைக்கும், ஆனால் 9 மீட்டர் உத்தரத்தை மேலே கொண்டுபோவதும், அது உட்காரும் சுவர்களின் வலுவைச் சரிபார்ப்பதும் சின்ன வேலை அல்ல. ஒவ்வொரு கைமரத்துக்கும் பக்கத்தில் ஆழமான இன்னொன்றை போல்ட் போட்டுச் சேர்ப்பது மூன்றாவது. உங்கள் வீட்டுக்கு முதல் வழி பொருந்தும் என்று தோன்றுகிறது, எப்படியும் குட்டைச்சுவர் தேவைப்படப்போகிறது. எந்த வழியானாலும், புதிய முட்டு முழுதாக நின்ற பிறகே பழைய சட்டத்தைத் தொட வேண்டும். அதையும் ஒன்றொன்றாகத்தான் மாற்ற வேண்டும். (தொழிற்சாலையில் செய்து வந்த, ஆணித்தகடு அடித்த டிரஸ் (முக்கோணச் சட்டகம்) கூரை உள்ள மற்ற வாசகர்களுக்கு: அதில் எந்த உறுப்பையும் அறுக்க இடமில்லை. உங்கள் கணக்கே வேறு.)

3.1 மீட்டர் உயரம் நிறையவே இருப்பதுபோல் தெரியும். கழித்துப் பாருங்கள். புதிய தரைச்சட்டங்கள் பழையவற்றைவிட 125 மி.மீ. உயர்ந்து நிற்கும், பலகையோடு 145 மி.மீ. போயிற்று. கைமரத்துக்கு அடியில் 50 மி.மீ. இன்சுலேஷன் பலகையும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டும் வந்தால், சரிவில் அது செங்குத்தாக ஏறத்தாழ 85 மி.மீ.. முகட்டுக்கடியில் மிஞ்சுவது 2.87 மீட்டர். உங்கள் கூரை பக்கவாட்டில் மீட்டருக்கு 0.89 மீட்டர் இறங்குகிறது. ஆகவே 2.1 மீட்டர் உயரம் கிடைக்கும் பட்டை 1.7 மீட்டர் அகலம். 1.5 மீட்டர் உயரம் கிடைக்கும் அகலம் 3.1 மீட்டர். 1.1 மீட்டர் குட்டைச்சுவர்களுக்கு இடையே 4 மீட்டர். 7 மீட்டர் வீட்டில் கிடைக்கும் அறை இவ்வளவுதான்.

சில நாடுகளின் விதிகள் 1.5 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள இடத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மிச்சத்தில் பாதியாவது 2.1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், ஆனால் இது நல்ல அளவுகோல். நீங்கள் பாதியைக் கொஞ்சம் தாண்டித் தேறுகிறீர்கள். இதே வீட்டில் முகடு 2.6 மீட்டராக இருந்திருந்தால் நிமிர்ந்து நடக்கும் பட்டை முக்கால் மீட்டர்தான் கிடைத்திருக்கும். அப்போது வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். மேல்சட்டத்தை 2.35 மீட்டரில் வைத்து அதன் அடியிலேயே தட்டையான சீலிங் போட்டால் அறைக்குள் 2.1 மீட்டருக்கு மேல் கிடைக்கும், மேலே காற்றுக்கும் ஒரு முக்கோணக் குகை மிஞ்சும்.

படிக்கட்டை முதலில் வரையுங்கள், அறையை அதற்குப் பிறகு. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். படி வந்து ஏறும் இடத்தில் தலைக்கு 2 மீட்டர் வேண்டும். அது முகட்டுக்கடியில் மட்டுமே கிடைக்கும். எனவே கீழ் வீட்டில் எந்த அறை இடம் இழக்கும் என்பதை முகடு முடிவு செய்கிறது, நீங்கள் அல்ல. உங்கள் வீட்டில் கீழ்த்தரையிலிருந்து மேல்தரைக்கு 3.06 மீட்டர். 17 ஆல் வகுத்தால் ஒரு படி 180 மி.மீ. உயரம். 16 மிதிபடிகள், ஒவ்வொன்றும் 250 மி.மீ. என்றால் நேர்ப்படிக்கட்டின் நீளம் 4 மீட்டர், அகலம் 0.9. இரு முனையிலும் நின்று திரும்ப 0.9 மீட்டர் வேண்டும். மடக்கு ஏணி சாமான் வைக்கும் பரணுக்குச் சரி. தூக்கக் கலக்கத்தில் இறங்கும் பெண்ணுக்கும், புகைக்கு நடுவே ஓடிவரும் யாருக்கும் சரியல்ல; படுக்கையறைக்கு அது மட்டுமே வழி என்றால் பல இடங்களில் அனுமதியும் கிடைக்காது.

நடுவச்சுவரை ஒட்டி, 3.8 மீட்டர் பக்கத்தில், வீட்டின் நீளவாக்கில் படிக்கட்டை வையுங்கள். தலை இடிக்காமல் ஏற மேல்தரையில் திறப்பு 3.2 மீட்டர் நீளம் வேண்டும். புதிய தரைச்சட்டங்கள் அகலவாக்கில் ஓடுவதால் இந்தத் திறப்பு ஏழெட்டுச் சட்டங்களைக் குறுக்கே வெட்டும். வெட்டுப்பட்டவற்றை ஒரு குறுக்கு உத்தரம் தாங்கி, திறப்பின் இரு முனைகளிலும் இரண்டு மூன்று சட்டங்களைச் சேர்த்துப் பூட்டிய கூட்டுச்சட்டத்துக்கு எடையைக் கடத்த வேண்டும். அந்த இடத்தில் பழைய கீழ்ச்சட்டங்கள் ஐந்தாறு அறுபடும் என்பதையும் மறக்க வேண்டாம். கூரையின் கால் அகட்டலைப் பிடிக்கும் இழுவை அங்கே எப்படித் தொடர்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லாத இன்ஜினியரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சூட்டுக்கு வருவோம். வெயிலில் ஓடு 60 டிகிரியைத் தாண்டும். அது கதிர்வீச்சாக உள்ளே இறங்குகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுழற்றும். ஏ.சி. மட்டும் போட்டால் கரண்ட் கட்டணம் ஏறும், சீலிங் அப்போதும் கொதிக்கும். கூரையின் அடுக்குகளைச் சரியாகப் போட வேண்டும்.

ஓட்டுக்கு அடியில் இப்போது எந்த விரிப்பும் இல்லையென்றால், ஓடுகளை இறக்கி, மூச்சுவிடும் வகை நீர்த்தடுப்பு விரிப்பைக் கைமரங்களின் மேல் விரித்து, அதன் மேல் சரிவுவாக்கில் பட்டியும் குறுக்கே ரீப்பரும் அடித்து மறுபடி ஓடு வேய வேண்டும். இதைத் தள்ளிப்போட முடியாது. சாய்மழையில் ஓட்டுக்கடியில் வரும் நீர் இதுவரை மச்சில் காய்ந்துபோனது. இனி இன்சுலேஷனுக்குள் ஊறி நிற்கும். விரிப்புக்கு அடியில் 50 மி.மீ. காற்றோட்ட வழி, இறவாணத்திலிருந்து (கூரையின் கீழ்விளிம்பிலிருந்து) முகடுவரை தடையில்லாமல் இருக்கட்டும். இறவாணத்தில் நீளம் முழுக்க 25 மி.மீ. பிளவு, பூச்சி நுழையாமல் கம்பிவலை. முகட்டில் காற்று வெளியேறும் திறப்பு. கைமரம் 125 மி.மீ. ஆழம் என்றால் அதற்குள் மிச்சம் 75 மி.மீ.; அங்கே இன்சுலேஷன் பலகையை இறுக்கமாகப் பொருத்தி, கைமரங்களின் அடியில் குறுக்காக இன்னொரு 50 மி.மீ. அடுக்கைச் சந்தில்லாமல் ஓட்டுங்கள். அந்த இரண்டாவது அடுக்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு கைமரமும் சூடு கடத்தும் பாலமாகிவிடும். அதே தடிமனில் பி.ஐ.ஆர். பலகை (கெட்டியான நுரைப் பலகை), ராக் வுல்லைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். உயரம் பஞ்சமான உங்கள் மச்சில் அது காசுக்குத் தகும்.

அலுமினிய ஃபாயில் வேலை செய்ய அதன் முகத்துக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே நசுங்கிக் கிடக்கும் ஃபாயில் வெறும் உலோகத்தாள். மேல்நோக்கிய முகத்தில் தூசி படிந்தாலும் பலன் குறையும். நீராவித் தடுப்புத்தாள் ஊரின் தட்பவெப்பத்தைப் பொறுத்தது: குளிர்நாட்டில் அறைப்பக்கம் போடுவார்கள், ஏனென்றால் ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது. வெப்பமும் ஈரமுமான இடத்தில் ஏ.சி. அறைக்கு ஈரம் வெளியிலிருந்து வரும். அங்கே உட்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் அதன் பின்புறம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

அதிகம் தவறுவது குட்டைச்சுவருக்குப் பின்னால்தான். இன்சுலேஷனைச் சரிவு முழுக்க இறவாணம்வரை கொண்டுபோங்கள். அந்தப் பின்புறம் அறையின் பாகமாகி, சாமான் வைக்கவும் குழாய் ஓட்டவும் உதவும். குட்டைச்சுவரோடு நிறுத்தினால், அதன் காலடியில் தரைச்சட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு சந்தையும் பலகை வெட்டி அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் சூட்டுக்காற்று தரைக்கு அடியில் புகுந்து ஓடும். சுவரில் இன்சுலேஷன் இருந்தும் காலடி ஏன் சுடுகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஜன்னல் இரு சரிவிலும் வையுங்கள், காற்று குறுக்கே ஓடட்டும். கைமர இடைவெளியும் மையத்துக்கு மையம் 600 மி.மீ. என்றால், இடையில் 550 மி.மீ. அகல ஜன்னல் எதையும் வெட்டாமல் உட்காரும். ஒன்றை மட்டும் அகலமாக வையுங்கள், அது தப்பிக்கும் வழி: திறந்தபின் கிடைக்கும் சந்து குறைந்தது 0.33 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 450 மி.மீ.க்குக் குறையாமல், அடிவிளிம்பு தரையிலிருந்து 1.1 மீட்டருக்குள். சில நாடுகள் 0.53 சதுர மீட்டர் கேட்கின்றன. இதற்கு ஒரு கைமரம் வெட்டுப்படும். பக்கத்து இரண்டையும் இரட்டையாக்கி, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் போட வேண்டும். கண்ணாடியின் வெயிலைத் தடுக்க வெளிப்புற மறைப்புதான் உதவும். உள்திரை சூடு வந்த பிறகு மறைக்கிறது. ஒழுக்கு பெரும்பாலும் ஜன்னலின் மேல்விளிம்பில், சருகு தங்கும் இடத்தில் வரும். சிலிகான் பூசிச் சமாளிக்காமல், அந்த ஜன்னலுக்கும் உங்கள் ஓட்டின் வளைவுக்கும் பொருந்தும் ஃபிளாஷிங்கையே (நீர் புகாமல் ஓரத்தை மூடும் தகட்டையே) வாங்குங்கள். மேலும் கீழும் புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொன்று, ஒன்று கத்தினால் இரண்டும் கத்தும்படி இணைத்து.

குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர்மேலே, முடிந்தவரை நடுவச்சுவரின் பக்கமாக வையுங்கள். கழிவுக்குழாய் 110 மி.மீ., சரிவு 40-க்கு 1. மூன்று மீட்டர் ஓடினால் 75 மி.மீ. இறக்கம் வேண்டும். அந்தக் குழாய்க்குத் தரைச்சட்டத்தில் துளை போட முடியாது என்பது மேலே சொன்ன 66 மி.மீ. கணக்கிலேயே தெரியும். சட்டங்களுக்கு இணையாக, இல்லையென்றால் குட்டைச்சுவருக்குப் பின்னால்தான் அது ஓட வேண்டும். மச்சில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் நினைவிருக்கட்டும்: 500 லிட்டர் என்றால் 500 கிலோ. மின்சாரத்துக்குத் தனி சர்க்யூட், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). இன்சுலேஷனுக்குள் புதைந்த வயர் சூடாகும், எனவே ஒரு அளவு தடித்த வயர்; சீலிங்கில் பதித்த விளக்குகளின் மேல் இன்சுலேஷன் படியக் கூடாது.

இன்ஜினியரை அழைக்கும் முன் நீங்களே ஒருமுறை டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். ஒவ்வொரு கைமரத்தின் அடிக்காலிலும், சுவர்த்தலை மரத்திலும் குத்திப் பாருங்கள். இலகுவாக இறங்கினால் உளுத்தது அல்லது கரையான். பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடோ, தங்க நிறச் சிம்புகள் போன்ற வெர்மிகுலைட் இன்சுலேஷனோ கண்டால் கை வைக்காமல் இறங்கி, பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அஸ்திவாரம் ஒரு தளத்துக்கென்று போட்டது. ஓரிடத்தில் குழி தோண்டி அதன் ஆழமும் அகலமும் காட்டினால்தான் இன்ஜினியர் நம்பிக் கையெழுத்திடுவார். நடுவச்சுவர் கீழே அஸ்திவாரம்வரை போகிறதா, தரைமேல் கட்டிய தடுப்பா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். தடுப்பு மட்டும் என்றால் மேலே எழுதிய 3.8 மீட்டர் கணக்கு எதுவும் செல்லாது, 7 மீட்டருக்கு உத்தரம் தேட வேண்டும்.

அனுமதி கையில் வந்த பிறகு வேலை இந்த வரிசையில் நடக்கட்டும்: தரைச்சட்டங்கள், தாற்காலிகப் பலகை, கைமர முட்டுகள், மேல்சட்டம் ஏற்றுதல், ஓடு இறக்கி விரிப்பு, ஜன்னல்கள், படிக்கட்டுத் திறப்பு, குழாயும் வயரும், இன்சுலேஷன், ஜிப்சம், கடைசியில் நிரந்தரத் தரை. ஓடு இறங்கும் வாரத்தில் தார்ப்பாய் இரட்டிப்பாக வைத்திருங்கள். 1.2 × 2.4 மீட்டர் ஜிப்சம் போர்டு ஒன்று ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். முப்பதை ஒரே இடத்தில் அடுக்கினால் முக்கால் டன். சட்டங்களின் நடுவில் குவிக்காமல் நடுவச்சுவரின் மேல் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். முழுப் பலகைகளையும் குளியல் தொட்டி போன்ற பெரிய சாமான்களையும் கூரை திறந்திருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். கட்டில் மட்டும் கழற்றி மாட்டும் வகையாக வாங்கினால் போதும், 0.9 மீட்டர் படிக்கட்டில் ஏறிவிடும்.